ஜூனோ ரிசல்ட் வந்துருச்சு, பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டம் நின்னது நல்லதா கெட்டதா?

இயற்பியல்பித்து:

வணக்கம் மக்களே. சைனால ஜூனோன்னு ஒரு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சு நவம்பர்லயே முதல் ரிசல்ட்ட வெளியிட்டுட்டாங்க, வெறும் 59 நாள் டேட்டாவ வச்சே சில அளவுகள முன்னாடி இருந்தத விட 1.6 மடங்கு துல்லியமா சொல்லிட்டாங்களாம். இந்த நியூஸ எங்க சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன், அதுல ஆரம்பிச்ச சண்டை ரெண்டு நாளா ஓடுது. சித்தப்பா என்ன சொல்றாருன்னா இது மாதிரி ஒரு லேப் நம்ம தேனி மாவட்டத்துல பொட்டிபுரம் மலைக்கு அடியில எப்பவோ வந்திருக்க வேண்டியது, அறிவியல் தெரியாதவங்க கூச்சல் போட்டு கெடுத்துட்டாங்கன்னு. மச்சான் அதுக்கு நேர் எதிர், அது வந்திருந்தா கதிர்வீச்சு பரவி வைகை தண்ணியே விஷமாயிருக்கும், வெளிநாட்டுக்காரன் நியூட்ரினோ பீம் (கற்றை) அனுப்பி நம்மள சோதனை எலி ஆக்கப் பாத்தான்னு.

நான் பி.எஸ்சி ரெண்டாம் வருஷம் பிசிக்ஸ். நியூட்ரினோன்னா என்னன்னு ஓரளவு தெரியும் ஆனா திட்டத்த யாரு நிறுத்துனது, எதுக்கு நிறுத்துனாங்கன்னு தேடினா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்றாங்க. கோர்ட்டா, மாநில அரசா, ஊர் மக்களா? கதிர்வீச்சு பயத்துல ஏதாவது உண்மை இருக்கா? எதுக்கு மலைக்கு அடியில போகணும்? கட்சி சண்டை இல்லாம விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மியூவான்:

கதிர்வீச்சு விஷயத்த முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா பத்து வருஷத்துக்கு மேல இதே பேச்சு சுத்திட்டு இருக்கு, ஒவ்வொரு தடவையும் மத்த எல்லாத்தையும் இது அமுக்கிடுது.

பொட்டிபுரம் லேப் நியூட்ரினோவ உண்டாக்கற இடமே கிடையாது, அது பாக்கற இடம். சூரியன்ல இருந்து மட்டும் உன் நகம் அளவு இடத்துல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 6,500 கோடி நியூட்ரினோ போயிட்டே இருக்கு, ராத்திரில பூமிய துளைச்சுட்டு கீழ இருந்து மேல வருது. நம்ம உடம்புல உள்ள பொட்டாசியம்ல இருந்தும் வருது. லேப் கட்டினாலும் கட்டலைன்னாலும் தேனில இருக்கறவங்க மேல படற நியூட்ரினோ எண்ணிக்கை அப்படியே தான் இருக்கும். எதோடயும் மோதாம போயிடும்ங்கறதால தான் அத பிடிக்க 50,000 டன் இரும்பு வேணும்னு திட்டம் போட்டாங்க, அவ்ளோ இரும்பு வச்சும் ஒரு நாளைக்கு சிக்கறது ரொம்பக் கொஞ்சம்.

அப்ப எதுக்கு மலை? நியூட்ரினோவ மறைக்க இல்ல, மியூவான்ங்கற வேற ஒரு துகள தடுக்க. விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதி மியூவான் மழை மாதிரி கொட்டுது, தரைமட்டத்துல ஒரு சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 10,000 வரைக்கும். இந்த இரைச்சல்ல நியூட்ரினோவோட அடையாளம் தெரியவே தெரியாது. 1 கிலோமீட்டர் பாறை மேல இருந்தா மியூவான் பத்து லட்சத்துல ஒரு பங்கா குறையும், நியூட்ரினோ மட்டும் கண்டுக்காம உள்ள வந்துரும். ஜப்பான்ல சூப்பர் காமியோகாண்டே 1,000 மீட்டர் ஆழத்துல இருக்கு, இத்தாலில கிரான் சாஸோ 1,400 மீட்டர் பாறைக்குக் கீழ, ஜூனோ 700 மீட்டர்ல. யாரும் ஆபத்த ஒளிச்சு வைக்க கீழ போகல.

அடுத்து ஆயுதம்னு ஒரு பேச்சு. அதுக்கு மூலம் 2003-ல ஜப்பான் விஞ்ஞானி சுகவாராவும் இன்னும் ரெண்டு பேரும் எழுதின ஒரு ஆய்வுக்கட்டுரை, அதிக ஆற்றல் நியூட்ரினோ கற்றைய வச்சு அணுகுண்ட செயலிழக்க வைக்க முடியுமான்னு கணக்கு போட்டாங்க. அந்தக் கணக்குக்கு 1,000 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும், சுமார் 1,000 கிலோமீட்டர் சுத்தளவுல ஒரு முடுக்கி, அதாவது துகள்கள வேகப்படுத்தற கருவி வேணும். இன்னிக்கு உலகத்துலயே பெரிய முடுக்கி எல்ஹெச்சி, சுத்தளவு 27 கிலோமீட்டர், புரோட்டானுக்கு 6.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் தான். கட்டுரை இருக்குங்கறது நெஜம், அந்தக் கருவி எங்கயும் கிடையாது, அதுக்கும் பொட்டிபுரத்துல வர இருந்த இரும்பு டிடெக்டருக்கும் சம்பந்தமும் கிடையாது.

பீம் பத்தி மச்சான் சொன்னதுல மட்டும் ஒரு நூல் நெஜத்துல இருந்து வருது, அதையும் சொல்லிடணும். ஆரம்ப கால திட்ட அறிக்கைகள்ல ரெண்டாம் கட்டமா வெளிநாட்டு முடுக்கில இருந்து வர்ற கற்றைய இங்க அளக்கலாம்னு எழுதியிருந்தாங்க, ஐரோப்பால எல்ஹெச்சி இருக்கற செர்ன் ஆய்வகத்துல இருந்து தேனிக்கு உள்ள தூரம் 7,000 கிலோமீட்டருக்கு மேல, அந்தத் தூரம் கணக்குக்கு ரொம்ப வசதி. அதுக்கு தேவையான நியூட்ரினோ ஃபேக்டரி, அதாவது அந்தக் கற்றைய உண்டாக்கற முடுக்கி உலகத்துல எங்கயுமே கட்டப்படல. அப்படியே வந்தாலும் ஜப்பான்ல டோக்காய்ல இருந்து காமியோகாவுக்கு 295 கிலோமீட்டர், அமெரிக்கால ஃபெர்மிலேப்ல இருந்து மின்னசோட்டாவுக்கு 810 கிலோமீட்டர்னு வருஷக்கணக்கா கற்றை ஊர்களுக்கு அடியில போயிட்டு தான் இருக்கு. ஆனா அந்த ரெண்டாம் கட்டத்த பத்தி ஜனங்க கேட்டப்ப முதல்லயே தெளிவா சொல்லியிருக்கணும், அங்க தான் நம்பிக்கை உடைஞ்சுதுன்னு நான் நினைக்கறேன்.

மேகமலைக்காத்து:

தம்பி நான் தேவாரம் பக்கம். மேல நண்பர் எழுதினது எல்லாம் சரி, ஆனா இதப் படிச்சுட்டு அப்ப எதிர்த்தவங்க எல்லாம் வெவரம் இல்லாதவங்கன்னு ஒங்க சித்தப்பா முடிவு கட்டிருவாரு, அது தான் எங்களுக்கு வலிக்கிற எடம்.

பொட்டிபுரத்துக்கு மேக்கால நிக்கிற அம்பரப்பர் மலை, அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. இங்கிட்டு மழை மறைவு, மானாவாரி பூமி, கெணறும் போரும் தான் கதி. வெள்ளாடும் மாடும் வச்சிருக்கவங்க வெள்ளெனவே பத்திக்கிட்டு மலையடிவாரத்துக்குப் போயி பொழுதெறங்க திரும்புவாங்க. அவங்களுக்கு நியூட்ரினோ கண்ணுக்குத் தெரியாத துகளுன்னு படம் போட்டுக் காட்டி அது ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னா அவங்க கேட்டதுக்கு அது பதிலா? அவங்க கேக்குறது வேலி போட்டா ஆட்டை எந்தப் பாதையில பத்துறது, சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையக் கொடஞ்சா ஊத்துத் தண்ணி எந்தப் பக்கம் திரும்பும், வெட்டுன கல்லை எங்க கொட்டி வைப்பாங்க, டிப்பர் லாரி எத்தனை வருசம் எங்க ரோட்டுல ஓடும். எங்களுக்குன்னு வேலை கிடைக்குமான்னு கேட்டவங்களும் இருக்காங்க, ஊரே ஒரே கருத்துன்னு சொல்றதும் பொய்யி.

வெளியூர்ல இருந்து ஆதரிக்க வந்தவங்க துகளைப் பத்திப் பேசுனாங்க, எதிர்க்க வந்தவங்கள்ல நெறைய பேரும் துகளைப் பத்தியே பேசுனாங்க. மலையைப் பத்தியும் தண்ணியைப் பத்தியும் பேசுனவங்க கொஞ்சம் பேரு. கதிர்வீச்சுன்னு மேடையில கத்துனதால தான் விஞ்ஞானிங்க ஈசியா சிரிச்சுட்டு ஒதுக்கிட்டாங்க, எங்க தண்ணிக் கேள்வியும் அதோட சேந்து குப்பைக்குப் போயிருச்சு. எதிர்ப்புல பொய் கலந்ததுல நட்டம் எங்களுக்குத்தான்.

அணை ஒடைஞ்சிரும்னு சொன்னதையும் நான் ஏத்துக்கல, இடுக்கி அணை 30 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, முல்லைப் பெரியாறு அதைவிடத் தூரம். ஆனா வெடி வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல உள்ள கெணத்துச் சுவரு பத்தி யாரு அளந்து எழுதிக் குடுத்தா?

கோப்புக்கட்டு:

யாரு நிறுத்துனதுன்னு கேட்டிருக்கீங்க, ஒரே ஆள் நிறுத்தல. வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல தேர்ந்தெடுத்த இடம் தேனியே இல்ல, நீலகிரில சிங்காரா. முதுமலை புலிகள் காப்பகத்த ஒட்டி யானை நடமாடற பகுதின்னு 2009-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துருச்சு, ஜெய்ராம் ரமேஷ் அமைச்சரா இருந்தப்ப. அதுக்கப்புறம் தான் பொட்டிபுரம். 2011-ல சுற்றுச்சூழல் அனுமதி, மாநில அரசு கிட்டத்தட்ட 27 ஹெக்டேர் நிலம் குடுத்துச்சு, 2015 ஜனவரில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். அந்த வருஷமே வைகோ போட்ட வழக்குல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாம வேலை ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு.

முக்கியமான திருப்பம் 2017 மார்ச், பசுமைத் தீர்ப்பாயத்தோட சென்னை அமர்வு, பூவுலகின் நண்பர்கள்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கு. தீர்ப்பாயம் அனுமதிய நிறுத்தி வச்சதுக்குக் காரணம் கதிர்வீச்சு இல்ல. கேரளால மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா எல்லை 5 கிலோமீட்டருக்குள்ள வருது, அப்படி வந்தா விதிப்படி திட்டம் ஏ பிரிவுக்குப் போகணும், கண்டிப்பான பரிசீலனை நடக்கணும். ஆனா இத பி பிரிவா எடுத்துப் பாத்துருந்தாங்க. முழுக்க முழுக்க நடைமுறைக் கோளாறு, ஒரு வரைபடமும் ஸ்கேலும் வச்சுப் பாத்தா தெரியற விஷயம்.

இத சரி பண்ண ஒரு நேர் வழி இருந்துச்சு. ஏ பிரிவுல புதுசா விண்ணப்பிச்சு, ஈஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிக்கைய திரும்பத் தயாரிச்சு, மக்கள் கருத்துக்கேட்பு வச்சிருக்கலாம். என்ன பண்ணாங்க தெரியுமா, 2018 மார்ச்ல மத்திய அமைச்சகம் இத சிறப்பு நேர்வுன்னு சொல்லி கட்டுமானத் திட்டங்களுக்கான 8(ஏ) பிரிவுல வச்சு அனுமதி குடுத்துச்சு. அடுக்குமாடிக் கட்டடம் வர்ற பிரிவு அது, அதுல கருத்துக்கேட்பு கட்டாயம் இல்ல. மலைய 2 கிலோமீட்டர் குடையற திட்டத்த அந்தப் பிரிவுல வச்சது எனக்கு இன்னிக்கும் ஜீரணிக்க முடியாத முடிவு. திட்டத்துக்கு நல்லது பண்றதா நினைச்சு பண்ணது தான் அதுக்கு பெரிய கெடுதல் ஆயிருச்சு, அதுக்கப்புறம் இந்தத் திட்டத்துல எதையோ மறைக்கறாங்கன்னு சொன்னவங்களுக்கு இது ஒண்ணே போதுமானதா இருந்துச்சு.

2018 நவம்பர்ல தீர்ப்பாயம் அந்த அனுமதிய ரத்து பண்ணல, ஆனா தேசிய காட்டுயிர் வாரிய ஒப்புதல் வாங்காம தொடக்கூடாதுன்னு சொல்லுச்சு. விஷயம் உச்ச நீதிமன்றம் போச்சு. நடுவுல 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டுச்சு, அந்த ஜூன்ல முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமர்ட்ட குடுத்த மனுவுல திட்டத்த கைவிடச் சொன்னாரு, 2022 பிப்ரவரில தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல அனுமதிக்க முடியாதுன்னு பிரமாணப் பத்திரம் போட்டுச்சு, மதிகெட்டானுக்கும் பெரியாறுக்கும் நடுவுல புலிங்க வந்து போற வழித்தடத்துல இந்த மலை இருக்குங்கறது தான் அதுல முக்கிய வாதம். மலைய குடையற வேலை ஆரம்பிக்கவே இல்ல.

ஆக சித்தப்பா சொல்ற கூச்சல் எந்தத் தீர்ப்புலயும் காரணமா இல்ல, மச்சான் சொல்ற கதிர்வீச்சும் இல்ல.

சார்னோகைட்:

கோப்புக்கட்டு எழுதினதுல எனக்கு முரண் இல்ல, ஆனா இழப்பையும் யாராவது சொல்லணும்ல. காத்து மண்டலத்துல உருவாகற நியூட்ரினோவ உலகத்துலயே முதல்ல பிடிச்ச இடங்கள்ல ஒண்ணு கோலார் தங்கவயல், 1965, 2 கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பான் ஒசாக்காவும் இங்கிலாந்து டர்ஹாமும் சேந்து பண்ணது. 2015 நோபல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் போனது இதே துறைக்கு. முன்வரிசைல நின்ன நாடு இன்னிக்கு வெளிய இருந்து பாக்குது, இதுல வருத்தப்படாம எப்படி இருக்கறது.

அதோட ஜூனோ வந்துருச்சுங்கறதால நம்ம டிடெக்டர் வீண்னு சொல்லவும் முடியாது. ஜூனோ 20,000 டன் திரவத்துல 53 கிலோமீட்டர் தள்ளி இருக்கற அணு உலைங்கள்ல இருந்து வர்ற ஆன்ட்டிநியூட்ரினோவ, அதாவது நியூட்ரினோவோட எதிர்த்துகளப் பாக்குது. நம்மது காந்தம் ஏத்துன இரும்பு, நடுநடுவுல கண்ணாடி டிடெக்டர். நியூட்ரினோ இரும்புல மோதி மியூவான் வந்தா அது காந்தப் புலத்துல எந்தப் பக்கம் வளையுதுன்னு பாத்து வந்தது நியூட்ரினோவா ஆன்ட்டிநியூட்ரினோவான்னு பிரிச்சு சொல்லிடலாம், இத இவ்ளோ பெரிய அளவுல வேற யாரும் வைக்கல. மதுரைல 85 டன்ல சின்ன மாதிரி கட்டி ஓட்டியே காட்டினாங்க. அத கட்டி வளந்த பசங்க நிறைய பேர் இப்ப வெளிநாட்டு சோதனைங்கள்ல இருக்காங்க.

ஆனா விஞ்ஞானிங்க தரப்புல ஒரு விஷயத்த வெளிப்படையா பேசியிருக்கலாம். நியூட்ரினோ லேபால நெஜமாவே வந்த பிரச்சினை உலகத்துல பதிவாகி இருக்கு, அது கதிர்வீச்சு கிடையாது. கிரான் சாஸோ மலை ஒரு தேசியப் பூங்கா, அந்தப் பகுதிக்கு குடிதண்ணியும் அந்த மலைல இருந்து தான். 2002 ஆகஸ்ட்ல அங்க ஒரு சோதனைல இருந்து சூடோகியூமின்ங்கற ரசாயனம் சுமார் 50 லிட்டர் ஓடைக்குப் போயிருச்சு, நீதிமன்றம் தலையிட்டு லேபோட ஒரு பகுதிய மூட வச்சது, வடிகால் எல்லாத்தையும் மாத்தி அமைச்ச பிறகு தான் பழையபடி ஓடுச்சு. ஜூனோ தோண்டும்போதும் எதிர்பாக்காத அளவுக்கு நிலத்தடி நீர் பீறிட்டு வந்து வேலை வருஷக்கணக்குல தள்ளிப் போச்சு. தேவாரம் அண்ணன் கேட்ட ஊத்துத் தண்ணி கேள்வி எவ்ளோ சரியான கேள்வின்னு இதுலயே தெரியும். நம்ம டிடெக்டர்ல திரவ ரசாயனம் இல்ல, ஆனா கண்ணாடி டிடெக்டருக்குள்ள போற வாயுல பெரும்பகுதி ஆர்134ஏ, ஏசி கம்ப்ரஸர்ல போடறது தான், புவி வெப்பத்த கூட்டறதுல கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல. அத வெளிய விடாம சுத்தி சுத்தி பயன்படுத்தற அமைப்பு வடிவமைச்சிருந்தாங்க. எதிர்ப்பு மேடைல இத ஒருத்தர் கேட்டிருந்தா எவ்ளோ உருப்படியான விவாதம் நடந்திருக்கும்.

இயற்பியல்பித்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. ஒரு சந்தேகம் மட்டும். கோலார்ல ஏற்கனவே குழி இருக்குல்ல, புதுசா மலைய வெட்டறதுக்கு பதிலா அங்கயே வச்சிருக்கலாமே? ஜப்பான்ல எல்லாம் பழைய சுரங்கம் தானே?

சார்னோகைட்:

நல்ல கேள்வி, காமியோகா பழைய சுரங்கம், கனடால சட்பரி ஓடிக்கிட்டிருக்கற நிக்கல் சுரங்கம், கிரான் சாஸோ நெடுஞ்சாலை சுரங்கப்பாதைய ஒட்டி வெட்டினது. மூணுக்கும் வழி ஏற்கனவே இருந்துச்சு. கோலார 2001-ல மூடிட்டாங்க, பம்ப நிறுத்தினதும் கீழ தண்ணி நிறைஞ்சுருச்சு. அதோட அங்க பாறை திடீர்னு வெடிச்சு சிதறறது ரொம்ப ஜாஸ்தி, நூறு வருஷத்துக்கு மேல தோண்டித் தோண்டி பாறை முழுக்க அழுத்தம். இந்த டிடெக்டருக்கு 132 மீட்டர் நீளம் 26 மீட்டர் அகலத்துல தூணே இல்லாத ஒரு குகை வேணும், அவ்ளோ அகலத்த அந்த ஆழத்துல அந்தப் பாறைல தாங்க வைக்கறது கஷ்டம். பொட்டிபுரம் இருக்கற போடி மலைய எடுத்ததே அது சார்னோகைட் பாறைங்கறதால தான், ரொம்ப கெட்டி, விரிசல் கம்மி, கிடைமட்டமா லாரி உள்ள போற மாதிரி சுரங்கப்பாதை போடலாம், மேல 1 கிலோமீட்டருக்கு குறையாம பாறை கிடைக்கும்.

கோப்புக்கட்டு:

அங்க தான் சிக்கலே. தென்னிந்தியால 1 கிலோமீட்டர் பாறை மூடின கெட்டி மலைன்னு தேடினா பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு தான் வந்து நிப்போம், அங்க காடு இல்லாத இடம் கிடைக்காது. அதனால எந்த மலைய எடுத்தாலும் முதல் நாளே ஏ பிரிவுல விண்ணப்பிக்கணும், தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு முழு மழைக்காலமும் கோடையும் அளந்து ஈஐஏ-ல போடணும், அந்த அறிக்கை முழுசும் தமிழ்ல கிராமசபைக்கு வரணும், சுருக்கம் மட்டும் பத்தாது. தீர்ப்பாய உத்தரவ மூலத்துலயே படிங்க தம்பி, அதுல பூங்கா எல்லை தூரம் பத்தின பகுதிய மட்டுமாவது.

மேகமலைக்காத்து:

அந்தத் தண்ணி அளவு எடுக்கறப்ப ஊர்க்காரன் ரெண்டு பேரையும் கூட வச்சுக்கிட்டு எடுக்கணும், எந்த ஊத்து எந்த மாசம் வத்தும்னு ஆடு மேய்க்கிறவனுக்குத்தான் தெரியும்.